பந்தய ஓட்டுநரின் திறமையை எப்படி அளப்பது? ஞாயிறு மாலைக் கேள்விகளும் பதில்களும்

மதுரை பைபாஸ் ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை நடத்துகிறேன். ஞாயிறு கடைக்கு விடுமுறை. ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும் ஞாயிறுகளில் மட்டும் மாலையில் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, டயர்களைச் சுவரோரம் ஒதுக்கி, டிவி முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்துவிடுவோம். கல்லூரி மாணவர்கள், அரசு பஸ் ஓட்டுநர் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் தம்பி, மேலூர்ப் பக்கம் பந்தய மாடு வளர்க்கும் பெரியவர் என்று கலவையான கூட்டம்.

பந்தயம் முடிந்ததும் வாக்குவாதம் தொடங்கும். ஒருவர் "அவனுக்குக் கார் நல்ல கார்" என்பார், இன்னொருவர் "இவனை அணி கெடுத்துவிட்டது" என்பார். பல ஆண்டுகளாக இதே சந்தேகங்களை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டு வருகிறேன். சிறுவயது முதல் உயிரைப் பணயம் வைத்து ஓட்டும் ஒருவரை ஒற்றை வரியில் தள்ளிவிடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. அண்ணே, முதலில் வந்தவன்தான் திறமைசாலி. இதில் ஆராய்ச்சி எதற்கு?

2019ஆம் ஆண்டு வில்லியம்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு எல்லா அணிகளுக்கும் பின்னால் கிடந்த அணி அது. ஜார்ஜ் ரசல், ராபர்ட் குபிட்சா இருவரும் அதன் ஓட்டுநர்கள். ஆண்டு முடிவில் குபிட்சாவுக்கு 1 புள்ளி, ரசலுக்கு 0. பட்டியலை மட்டும் பார்த்தால் குபிட்சாதான் மேல். ஆனால் யார் எந்த இடத்திலிருந்து பந்தயத்தைத் தொடங்குவது என்று முடிவுசெய்யும் தகுதிச் சுற்றுகளில், அந்த ஆண்டின் 21இலும் ரசலே குபிட்சாவைவிட வேகமாக ஓட்டினார். அந்த ஒரு புள்ளியும் ஜெர்மனியில், முன்னால் வந்த இரண்டு ஆல்ஃபா ரோமியோ கார்களுக்குப் பந்தயம் முடிந்தபின் அபராதம் விதிக்கப்பட்டதால் வந்தது.

குபிட்சாவைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 2011இல் ராலி விபத்தில் வலது கை நொறுங்கிய மனிதர், எட்டு ஆண்டு கழித்து மீண்டும் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே பெரிய காரியம். புள்ளிப் பட்டியலில் ஓட்டுநர், கார், அணியின் வேலை, அதிர்ஷ்டம் நான்கும் கலந்து கிடக்கின்றன. நம் கேள்வி ஓட்டுநரைப் பற்றியது என்றால் மற்ற மூன்றையும் கழித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

2. மாடு ஓடுகிறதா, சாரதி ஓட்டுகிறானா? காருக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை பங்கு என்று ஒரே எண்ணில் சொல்லப்பா.

பெரியவர் கேட்டது. ஒரே எண்ணில் சொல்ல முடியாது ஐயா. இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன். 2008இல் ஹோண்டா அணியில் ஜென்சன் பட்டன் ஆண்டு முழுக்க ஓட்டி எடுத்தது 3 புள்ளிகள். அடுத்த ஆண்டு அதே அணி ப்ரான் என்ற பெயரில் புதிய காரோடு வந்தது. முதல் 7 பந்தயங்களில் 6 வெற்றி, ஆண்டு முடிவில் உலகச் சாம்பியன். ஆள் அதே ஆள். இது காரின் பக்கம் பேசும் கணக்கு. இன்னொன்று 2023. ரெட் புல் அணியின் ஒரே மாதிரியான இரண்டு கார்களில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 22 பந்தயங்களில் 19 வென்று 575 புள்ளிகள் எடுத்தார். செர்ஜியோ பெரெஸ் 2 வென்று 285 எடுத்தார். இது ஆளின் பக்கம் பேசும் கணக்கு.

நீங்களே என்னை அழைத்துப்போன எல்கை மாட்டுவண்டிப் பந்தயத்தில் பார்த்ததைத்தான் திருப்பிச் சொல்கிறேன். நேர் சாலையில் எல்லாம் மாட்டின் கால்தான். எல்கையில் திரும்பும் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். முதலில் வந்த வண்டி வந்த வேகத்தில் அகலமாகச் சுற்றி, வேலிப் பக்கம் ஒதுங்கித்தான் திரும்பியது. இரண்டாவது வண்டியின் சாரதி இருபதடிக்கு முன்பே உள்பக்க மாட்டின் கயிற்றை இரண்டு முறை சுருட்டிப் பிடித்துவிட்டார். மாடு கழுத்தைத் திருப்ப, வண்டி இருந்த இடத்திலேயே சுழன்றதுபோல் திரும்பியது. இரண்டு வண்டி நீளம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஃபார்முலா ஒன்னிலும் இப்படித்தான். எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் நடுவில் ஒருவர் முடிக்கலாம் என்பதைக் கார் முடிவு செய்கிறது. அதற்குள் அவர் எங்கே நிற்கிறார் என்பது ஓட்டுநரின் கை.

3. காரெல்லாம் வேறு வேறு என்றால் எதை வைத்துத்தான் அளப்பது?

அதே அணியின் அடுத்த காரை ஓட்டுபவரை வைத்து. பந்தய உலகம் ஒப்புக்கொண்ட முதல் அளவுகோல் இது. ஒரே வடிவமைப்பு, ஒரே எஞ்சின், ஒரே நாள், ஒரே தடம். தகுதிச் சுற்றில் இருவரும் ஒரே பகுதியில், ஒரே வகை டயரில் எடுத்த நேரங்களை ஒப்பிட வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.3 வினாடி வித்தியாசம் கண் இமைக்கும் நேரம்தான். 50 சுற்று ஓடினால் 15 வினாடி. அதற்குள் நான்கைந்து கார்கள் நடுவில் வந்துவிடும்.

ஒன்றிரண்டு பந்தயங்களைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது. குறைந்தது அரை ஆண்டாவது பார்க்க வேண்டும். இருவருக்கும் புதிய பாகங்கள் ஒரே நேரத்தில் கிடைத்தனவா, ஒருவர் அணிக்குப் புதியவரா, ஒருவருக்கு வழிவிடும்படி மற்றவருக்கு உத்தரவு உண்டா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் சக ஓட்டுநர் எத்தகையவர் என்பதும் முக்கியம். ஒருவரை வைத்து மற்றவரை, அவரை வைத்து இன்னொருவரை என்று சங்கிலியாக அளந்துகொண்டே போகலாம். கண்ணி நீள நீள நம்பகம் குறையும் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

4. பட்டனும் ஹாமில்டனும் மூன்று ஆண்டு ஒரே அணியில் இருந்தார்கள். மொத்தப் புள்ளி பட்டனுக்குத்தான் அதிகம். நீங்கள் சொன்ன அளவுகோல்படி பட்டன்தானே பெரியவர்?

வங்கித் தம்பி கேட்ட இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 2010 முதல் 2012 வரை மெக்லாரனில் பட்டன் 672, லூயிஸ் ஹாமில்டன் 657. கணக்கு சரிதான். அதை ஆண்டு ஆண்டாகப் பிரிப்போம். 2010இல் ஹாமில்டன் 240, பட்டன் 214. 2011இல் பட்டன் 270, ஹாமில்டன் 227. 2012இல் ஹாமில்டன் 190, பட்டன் 188.

2011ஐப் பட்டனுக்கு முழு மனதோடு கொடுத்துவிட வேண்டும். அந்த ஆண்டு ஹாமில்டன் ஃபெலிப்பே மாஸாவோடு மட்டுமே பலமுறை மோதினார். அவை பெரும்பாலும் அவர் கையால் வந்த இழப்புகள். 2012 வேறு கதை. ஸ்பெயினில் ஹாமில்டன் தகுதிச் சுற்றில் முதலிடத்தைப் பிடித்தார், ஆனால் அணி போதிய எரிபொருள் ஊற்றாததால் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார். சிங்கப்பூரில் முன்னணியில் இருக்கும்போது கியர்பாக்ஸ் போனது. அபுதாபியில் முன்னணியில் இருக்கும்போது எரிபொருள் அழுத்தம் விழுந்து கார் நின்றது. ஒரு வெற்றிக்கு 25 புள்ளி. இரண்டு புள்ளி முன்னால் முடித்த ஆண்டில் அவர் கைவிட்டுப் போனது எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். தகுதிச் சுற்று வேகத்தில் ஹாமில்டன்தான் மேல். டயரைப் பக்குவமாகக் காப்பாற்றி, ஈரத்தில் சரியான நேரத்தில் டயர் மாற்றும் நிதானத்தில் பட்டன் அவருக்கு ஈடுகொடுத்தார். என் தீர்ப்பு ஹாமில்டன் பக்கம்தான், ஆனால் பலர் நினைப்பதைவிட இடைவெளி குறைவு.

5. அணியின் தவறு, அணியின் தவறு என்கிறீர்கள். எவையெல்லாம் அதில் சேரும்?

முதலாவது, எஞ்சினோ கியரோ நின்றுபோவது. இரண்டாவது, பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிற்கும் பிட்டில் நடக்கும் தவறு. 2008இல் மாஸாவுக்கு இரண்டுமே நடந்தன. ஹங்கேரியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவரின் எஞ்சின் மூன்று சுற்று மீதமிருக்கும்போது போனது. சிங்கப்பூரில் முதலிடத்தில் இருந்து பிட்டுக்குள் வந்தவருக்கு, எரிபொருள் குழாய் கழற்றப்படுவதற்கு முன்பே பச்சை விளக்கு காட்டிவிட்டார்கள். குழாயை இழுத்துக்கொண்டே கிளம்பினார், 13ஆவதாக முடித்தார். ஆண்டு முடிவில் ஹாமில்டன் 98, மாஸா 97. ஒரு புள்ளியில் பட்டம் போனது.

வீல் நட் பற்றி என் தொழில் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். 2021 மொனாக்கோவில் வால்ட்டேரி போட்டாஸ் இரண்டாம் இடத்தில் பிட்டுக்கு வந்தார். முன் வலது சக்கரத்தின் நட்டில் ஏர் கன் நேராகப் பொருந்தவில்லை. கோணலாகப் பிடித்த நிலையில் அது சுற்றியதும் நட்டின் பல்லெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டது. சக்கரம் கழலவே இல்லை, பந்தயம் அங்கேயே முடிந்தது. காரைப் பிரிட்டனில் உள்ள தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், ஏறத்தாழ 43 மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சக்கரத்தைக் கழற்றினார்கள். என் கடையில் புதிதாகச் சேரும் பையன்களிடம் நட்டை முதலில் கையால் மூன்று சுற்று ஏற்று, பிறகு கன்னை வை என்று சொல்வேன். மூன்று வினாடிக்குள் நான்கு சக்கரம் மாற்றும் இடத்தில் அதற்கு நேரம் கிடையாது. அந்த வேலையாளின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் போட்டாஸின் கணக்கில் அதை எழுத முடியாது.

மூன்றாவது, வியூகத் தவறு. 2010 அபுதாபியில் ஃபெராரி அணி, பட்டப் போட்டியில் இருந்த ரெட் புல் ஓட்டுநர் மார்க் வெப்பரை மட்டும் கவனித்து ஃபெர்னாண்டோ அலோன்சோவை முன்கூட்டியே டயர் மாற்ற அழைத்தது. வெளியே வந்தவர் ரெனோ அணியின் பெட்ரோவின் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏழாவதாக முடித்தார். வெப்பரின் சக ஓட்டுநர் செபாஸ்டியன் வெட்டல் 4 புள்ளி முன்னால் சாம்பியன் ஆனார். நான்காவது, வடிவமைப்பிலேயே உள்ள குறை. டிவியில் கண்ணுக்குத் தெரியாதது இதுதான், ஆண்டு முழுக்க ஓட்டுநரைக் கடிப்பதும் இதுதான்.

6. எல்லாப் பழியையும் அணி மேலேயே போட்டுவிட்டால் ஓட்டுநர் எப்போதுதான் தவறு செய்கிறான்?

பஸ் ஓட்டுநர் அண்ணன் கேட்டது. வண்டி மேல் பழி போடும் ஓட்டுநர்களை டிப்போவில் தினமும் பார்ப்பவர். அவர் கோபம் நியாயமானது. மாஸாவையே எடுங்கள். அதே 2008இல் மழை பெய்த சில்வர்ஸ்டோனில் ஐந்து முறை சுழன்று 13ஆவதாக வந்தார். மலேசியாவில் தானாகவே தடத்தை விட்டு வெளியேறினார். அணி அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தது என்று சொல்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2022இல் ஷார்ல் லெக்லெர் 9 முறை தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்து 3 பந்தயம்தான் வென்றார். ஸ்பெயினிலும் பாகுவிலும் முன்னணியில் இருக்கும்போது எஞ்சின் போனது. மொனாக்கோவில் அணியின் வியூகம் அவரை நான்காவது இடத்துக்கு இறக்கியது. இவை ஃபெராரியின் கணக்கு. பிரான்சில் முன்னணியில் இருந்தபோது காரைச் சுழலவிட்டுத் தடுப்பில் மோதியதும், இமோலாவில் இரண்டாம் இடத்துக்கு ஆசைப்பட்டுச் சுழன்று ஆறாவது வந்ததும் அவர் கணக்கு. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். அந்த ஆண்டுக்கு நான் அப்படித்தான் எழுதினேன். அணியின் பக்கம் நீளமாக வந்தது, லெக்லெரின் பக்கம் காலியாக இல்லை.

7. ஒரே ஒரு பந்தயம் ஒருவனுடைய உண்மையான தரத்தைக் காட்டிவிடுமா?

பொதுவாகக் காட்டாது. 2020 சாகிர் பந்தயத்தை மட்டும் விதிவிலக்காக வைப்பேன். ஹாமில்டனுக்குக் கொரோனா வந்ததால் மெர்சிடிஸ் காரில் ரசல் உட்கார்ந்தார். முதல் கேள்வியில் பார்த்த அதே ரசல்தான். அதுவரை வில்லியம்ஸில் 36 பந்தயம், 0 புள்ளி. உயரமானவர் என்பதால் கார் அவருக்குச் சிறியது. கால் நுழைவதற்காக ஓர் அளவு சிறிய ஷூ போட்டு ஓட்டினார். பல ஆண்டுகளாக அந்த அணியிலேயே ஓட்டிய போட்டாஸை விடத் தகுதிச் சுற்றில் 0.026 வினாடிதான் பின்தங்கினார். பந்தயம் தொடங்கிய முதல் வளைவிலேயே முன்னால் போய்விட்டார்.

பிறகு நடந்தது அணியின் வேலை. பிட்டில் போட்டாஸுக்கு வைத்திருந்த முன் டயர்களை ரசலின் காரில் மாட்டிவிட்டார்கள். திரும்பவும் உள்ளே அழைத்து மாற்றினார்கள். அதற்குப் பிறகும் போட்டாஸை முந்தி, வெற்றியை நோக்கி விரட்டிக்கொண்டிருந்தபோது டயரில் காற்று இறங்கியது. ஒன்பதாவது இடம், 3 புள்ளி. அன்று கடைக்குள் ஒரு சத்தம் இல்லை. வெற்றி பெற்ற பெரெஸ் முதல் சுற்றிலேயே கடைசி இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர், அவருக்கும் அது முதல் வெற்றி. அதற்காகவும் மகிழத்தான் வேண்டும். ஆனால் 9 என்ற எண்ணில் ரசல் அன்று ஓட்டியது எதுவும் இல்லை.

8. சுமாரான காரில் அசத்தியவர்கள் நல்ல காருக்குப் போனதும் தடுமாறுகிறார்களே, ஏன்?

ஜியான்கார்லோ ஃபிசிகெல்லாவின் கதை நம் நாட்டோடும் தொடர்புள்ளது. 2009 ஸ்பாவில் ஃபோர்ஸ் இந்தியா காரில் தகுதிச் சுற்றில் முதலிடம், பந்தயத்தில் ஃபெராரியின் ராய்க்கோனனுக்குப் பின்னால் இரண்டாமிடம். அடுத்த பந்தயத்திலேயே அதே ஃபெராரியில் உட்கார்ந்தார். ஐந்து பந்தயம், ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு வாரத்தில் ஓட்டத் தெரியாமல் போய்விட்டதா? அந்த ஆண்டு முதல் பந்தயப் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டத்துக்குத் தடை. பழகாத காரைப் பந்தய வார இறுதியிலேயே பழக வேண்டியிருந்தது.

கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, அரை டிகிரி மாற்றினாலே சாதாரண கார் வளைவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். என்ன மாற்றினீர்கள், கை கனமாக இருக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் மறுநாளே வந்து நிற்பார்கள். பந்தயக் காரில் இது பல மடங்கு. சிலருக்கு முன்பக்கம் உடனே திரும்ப வேண்டும், பின்பக்கம் வழுக்கினாலும் சமாளிப்பார்கள். சிலருக்குப் பின்பக்கம் உறுதியாக இருந்தால்தான் நம்பிக்கை வரும். வெர்ஸ்டாப்பன் முதல் வகை. அவர் வேகத்தைப் பின்பற்றி வளர்ந்த காரில் சக ஓட்டுநர்கள் திணறியதற்கு இது ஒரு காரணம். முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். எந்தக் காருக்கும் தன்னை மாற்றிக்கொள்வதும் திறமையின் ஒரு பகுதிதான்.

9. மழை பெய்தால் கார் வித்தியாசம் போய்விடும், ஆள் தெரிந்துவிடுவான் என்கிறார்களே?

முக்கால் பங்கு உண்மை. 1984 மொனாக்கோவில் டோல்மன் என்ற சிறிய அணியின் காரில் 13ஆவதாகத் தொடங்கிய அயர்டன் சென்னா, மழையில் முன்னணியில் இருந்த அலேன் ப்ராஸ்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். அன்று 20ஆவது இடத்திலிருந்து டர்போ இல்லாத காரில் மூன்றாவதாக வந்த ஸ்டெஃபான் பெலோஃபையும் மறக்கக் கூடாது. 1996 ஸ்பெயினில் மைக்கேல் ஷூமாக்கர் 45 வினாடி இடைவெளியில் வென்றதும், 2024 பிரேசிலில் வெர்ஸ்டாப்பன் 17ஆவது இடத்திலிருந்து வென்றதும் மழையில்தான்.

மீதிக் கால் பங்கு காருக்கு. ஈரத்தில் டயரைச் சீக்கிரம் சூடாக்கும் கார், காற்றால் கீழே அழுத்தப்படும் கார் இவற்றுக்கு மழையிலும் சாதகம் உண்டு.

10. நம் நரேன் கார்த்திகேயன் கடைசியில்தானே ஓடினார்? அந்த நான்காவது இடமும் ஆறு கார் ஓடிய பந்தயத்தில் வந்ததுதானே?

நான் பொறுமை இழக்கும் கேள்வி இது. ஆனாலும் நேர்மையாகவே பதில் சொல்கிறேன். 2005 இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர் பாதுகாப்பாக இல்லை என்று 14 கார்கள் விலகிக்கொண்டன. மீதி 6 கார்கள். ஷூமாக்கர், பாரிக்கெல்லோ, சக ஓட்டுநர் மான்டெய்ரோ ஆகியோருக்குப் பின்னால் நரேன் நான்காவது, 5 புள்ளி. அது அவர் பெயரில் நிற்கும் முடிவு, யாரும் பறிக்க முடியாது. ஆனால் அவர் திறமைக்குச் சான்றாக நான் அதை எடுத்துவைக்கமாட்டேன்.

வேறு சான்றுகளைப் பாருங்கள். முதல் பந்தயமான மெல்பர்னில், பின்தங்கிய ஜார்டன் அணியின் காரில், தகுதிச் சுற்றில் 12ஆவது இடம். பிறகு ஏ1 கிராண்ட் பிரி என்று நாடுகளுக்கு இடையே நடந்த போட்டி. எல்லா நாடுகளுக்கும் ஒரே கார். அதில் 2007இல் சீனாவின் ஜூஹாயிலும் 2008இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் இந்தியாவுக்காக வென்றார். மூன்றாம் கேள்வியில் சொன்ன அளவுகோலை இதைவிட நேராக வைக்க முடியாது. 2011இல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்தியப் பந்தயத்தில் ஹெச்ஆர்டி அணியின் காரில் 17ஆவது வந்தார். 17 என்றதும் சிரித்தவர்கள் 18ஆவதாக வந்தவரைப் பார்க்கவில்லை. அதே அணியின் அடுத்த காரில் வந்த டேனியல் ரிக்கியார்டோ. பின்னாளில் 8 பந்தயங்களை வென்றவர். ஒரு பந்தயத்தை வைத்து நரேன் அவரைவிடப் பெரியவர் என்று சொல்லமாட்டேன், ஏழாவது பதிலில் நானே அதை மறுத்திருக்கிறேன். ஆனால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அந்த வரிசையில் நிற்கத் தகுதியானவர்தான் என்பதற்கு அது போதும்.

11. கருண் சந்தோக்கும் அந்த அணியில்தானே இருந்தார்? அவரால் ஏன் முடியவில்லை?

2010 பஹ்ரைன், சென்னைக்காரரான கருணின் முதல் பந்தயம். ஹெச்ஆர்டி அணியில் அவர் காரையே பூட்டி முடிக்கவில்லை. பயிற்சி ஓட்டங்கள் எல்லாம் முடிந்துபோயின. அந்தக் காரை அவர் முதன்முதலாகத் தடத்தில் ஓட்டியது தகுதிச் சுற்றில்தான். கியர் எப்படி விழும், பிரேக் எங்கே பிடிக்கும் என்று தெரியாமல் உலகத்தின் கண்முன்னே முதல் சுற்று ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். அந்த அணி இருந்த மூன்று ஆண்டுகளில் யாருமே ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 2011, 2012 இரண்டு ஆண்டும் மெல்பர்னில் அதன் இரண்டு கார்களும் முதலிடத்து நேரத்தின் 107 சதவீதத்துக்குள் வரமுடியாமல் பந்தயத்திலேயே சேர்க்கப்படவில்லை. ஐந்தாவது பதிலில் நான்காவதாகச் சொன்ன குறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

12. நல்ல அணியைத் தேர்ந்தெடுப்பதும் திறமைதானே? அலோன்சோ தப்புத் தப்பாகத் தேர்ந்தெடுத்தார், அனுபவித்தார்.

2005, 2006 சாம்பியன் அலோன்சோ. 2007இல் ஹாமில்டனோடு சமமாக 109 புள்ளி, ராய்க்கோனன் 110 எடுத்துப் பட்டத்தைக் கொண்டுபோனார். 2010இல் 4 புள்ளியிலும் 2012இல் 3 புள்ளியிலும் பட்டம் போனது. 2015இல் மெக்லாரன் ஹோண்டாவுக்குப் போனார், 10 அணிகளில் அது 9ஆவதாக முடித்தது. அணியைத் தேர்ந்தெடுப்பது வாழ்க்கையை நடத்தும் சாமர்த்தியம். ஸ்டியரிங்கைப் பிடிப்பது வேறு சாமர்த்தியம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

தேர்விலும் தற்செயல் நிறைய. 2013இல் ஹாமில்டன் மெர்சிடிஸுக்குப் போனபோது, 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பி வந்த அந்த அணி அதுவரை வென்றிருந்தது ஒரே ஒரு பந்தயம். பலர் அதைத் தவறான முடிவு என்றார்கள். அங்கே அவர் 6 பட்டங்கள் வென்றார்.

13. பழைய காலத்து ஓட்டுநர்களின் புள்ளியை இன்றைய புள்ளியோடு ஒப்பிடலாமா?

கூடாது. புள்ளி முறையே பலமுறை மாறிவிட்டது. 1988இல் ப்ராஸ்ட் மொத்தம் 105 எடுத்தார், சென்னா 94. சாம்பியன் சென்னா. சிறந்த 11 முடிவுகளை மட்டுமே எண்ணும் விதி அப்போது இருந்தது. அதன்படி சென்னா 90, ப்ராஸ்ட் 87. இரண்டு வகையிலும் கணக்கு சரிதான், விதிதான் வேறு.

1958இல் ஸ்டிர்லிங் மாஸ் 4 பந்தயம் வென்றார், மைக் ஹாதார்ன் ஒன்று வென்றார். ஒரு புள்ளியில் ஹாதார்ன் சாம்பியன். போர்ச்சுகலில் ஹாதார்னைத் தகுதிநீக்கம் செய்யவிருந்தபோது அவருக்காகச் சாட்சி சொல்லிக் காப்பாற்றியவர் மாஸ்தான். ஒருமுறைகூடச் சாம்பியன் ஆகவில்லை. மாஸைப் பற்றிப் பேசும்போது பெரியவர் எப்போதும் எழுந்து உட்காருவார்.

14. ஒரு வெற்றிகூட இல்லாதவரைப் பெரிய ஓட்டுநர் என்று சொல்லலாமா?

சொல்லலாம். நியூசிலாந்தின் கிறிஸ் ஏமன் 96 பந்தயம் ஓட்டி ஒன்றுகூட வெல்லவில்லை. 1972 பிரெஞ்சுப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது டயர் பஞ்சராகி மூன்றாவது வந்தார். அவரே 1966இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ப்ரூஸ் மெக்லாரனோடு சேர்ந்து வென்றவர். நிக்கோ ஹுல்கென்பெர்க் 2010இல் பிரேசிலில் வில்லியம்ஸ் காரில் ஒரு வினாடிக்கு மேல் இடைவெளியில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். முதல் மூன்று இடத்துக்குள் முதன்முறையாக வந்தது 2025 சில்வர்ஸ்டோனில், 239ஆவது பந்தயத்தில், 19ஆவது இடத்திலிருந்து தொடங்கி.

15. அண்ணே, அஜித்குமாரை எப்படி மதிப்பிடுவது?

மாணவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில், போர்ஷே கார்களுக்கான 991 பிரிவில் அவர் அணி மூன்றாம் இடம் பிடித்தது. நீண்ட நேரப் பந்தயத்தில் ஒரே காரைப் பலர் மாறி மாறி ஓட்டுவார்கள். அந்த மூன்றாம் இடம் அணிக்கு உரியது. ஓட்டுநரைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் அவர் ஓட்டிய காரில் ஒவ்வொருவரும் ஓட்டிய சுற்று நேரங்களை எடுத்து, எரிபொருளும் டயரும் ஏறக்குறைய சமமாக இருந்த சுற்றுகளை ஒப்பிட வேண்டும். மூன்றாம் பதிலின் அளவுகோலேதான்.

16. என் மகனுக்குப் பதின்மூன்று வயது. கோவையில் நான்கு முறை கார்ட்டிங் பந்தயம் ஓட்டினான், நான்கிலும் கடைசி. திறமை இல்லையென்று நிறுத்திவிடலாமா அண்ணே?

திருமங்கலத்திலிருந்து வந்த தகப்பனார் கேட்டது. கையில் சுற்று நேரத் தாள்களும், மகன் ஓட்டிய கார்ட்டின் தேய்ந்த முன் டயர் ஒன்றும் வைத்திருந்தார். தாளில் நான் இடத்தைப் பார்க்கவில்லை, நேரங்களைப் பார்த்தேன். பையனின் மிக வேகமான சுற்றுக்கும் மற்ற சுற்றுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதின்மூன்று வயதில் அப்படி ஒரே சீராக ஓட்டுவது எளிதன்று.

பிறகு டயரைக் கையில் வாங்கித் தடவினேன். ஒரு திசையில் வழுக்கியது. எதிர்த்திசையில் ரம்பப் பல்போல விரலைப் பிடித்தது. டோ அளவு, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு, தவறினால் வரும் தேய்மானம் அது. முன் சக்கரங்கள் நேராக ஓடாமல் ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் தரையை இழுத்துக்கொண்டே போயிருக்கின்றன. கார்ட்டை வாடகைக்குக் கொடுத்தவர்கள் அளவு பார்க்கவே இல்லை. பையன் நான்கு பந்தயமும் அதோடு போராடியிருக்கிறான்.

அதனால் அவன் திறமைசாலி என்று முடிவாகிவிடாது என்பதையும் அவரிடம் சொன்னேன். இந்த விளையாட்டில் செலவு ஏறிக்கொண்டே போகும், பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு உரிமை இல்லை. சக்கரத்தை நேராக்கிய பிறகு, ஒரு பயிற்சி நாளில் முன்னால் வரும் பையன் ஒருவனோடு கார்ட்டை மாற்றிக்கொண்டு பத்துப் பத்துச் சுற்று ஓட்டச் சொன்னேன். இருவரின் நேரமும் காரோடு போகிறதா, ஆளோடு போகிறதா என்று தெரிந்துவிடும். ஆளோடு போனால் அதைப் பையனிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். இன்னொரு பையனின் தகப்பனார் ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் மாதம் முதல் வாரம் ஓட்டுகிறார்கள். தாள்களை அந்த ஞாயிறே கடைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.